பெருவிரலின் விலை

சென்ற தவணை முடிவில் தில்லையடியில் ஒரு சிறுவர் நாடகத்தைப் பார்க்க நேர்ந்தது. கதை, ஏகலைவன் கதை. நடித்தவர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். குடைக்கம்பியை வளைத்து வில் செய்திருந்தனர். தென்னோலை ஈர்க்கு அம்பாகியிருந்தது. துரோணருக்குப் பஞ்சுத் தாடி. ஏகலைவனாக வந்த சிறுவன் பலகைக் கத்தியொன்றால் விரலை அறுப்பதுபோற் பாவனை செய்து, சிவப்பு மை தோய்ந்த துணியை நீட்டியபோது மண்டபமே கைதட்டிற்று. பின்னர் மேடையேறிய பெரியவர் ஒருவர், குருபக்திக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லையென்றும், இக்காலப் பிள்ளைகள் இதனைக் கற்க வேண்டுமென்றும் உரைத்தார். எவரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

திரை விழுந்தபின், வேடங் கலையாமலே அந்த ஏகலைவன் எம்மிடம் வந்து கேட்டான்:

"சேர், பெருவிரல வெட்டிக் குடுத்திட்டா அவன் பிறகு எப்பிடி எழுதுறது?"

ஏகலைவனின் வில்வித்தை என்னவாயிற்று என்று கவலைப்பட்டவர்கள் பலர். அவன் எப்படி எழுதுவான் என்று கேட்டவர் எவரையும் நாம் கண்டதில்லை. பென்சில் பிடித்துப் பழகும் வயதினனுக்குப் பெருவிரல் எதற்கென்பது ஐயந்திரிபறத் தெரியும். பெரியவர்கட்கு அது உவமைப் பொருளாகிவிட்டது. பிள்ளைக்கு அது இன்னமும் விரலாகவே இருக்கிறது. அக்கேள்வி எம்மை விடவில்லை. ஆகவே பழைய நூல்களை மீண்டும் புரட்டிப் பார்த்தோம்.

முதலில் மூல பாரதம். ஆதிபருவத்தில் வரும் இக்கதை மிகச் சிறியது. நிடதர் தலைவன் இரணியதனுசின் மகன் ஏகலைவன் வில் கற்க விரும்பித் துரோணரிடம் வருகிறான். நிடதன் மகன் என்று கருதியும், தம்மிடம் பயிலும் அரச குமாரரை எண்ணியும் துரோணர் அவனை ஏற்கவில்லை. அவன் காட்டுக்குத் திரும்பி, மண்ணால் ஆசிரியர் உருவைச் செய்து வைத்துத் தானே பயில்கிறான். வேட்டைக்கு வந்த பாண்டவரின் நாய் அவனைக் கண்டு குரைக்க, அதன் வாய் மூடுமுன்னே ஏழு அம்புகளை அவ்வாயினுள் எய்துவிடுகிறான். அத்திறன் கண்ட அருச்சுனன் துரோணரிடம் போய், எவரும் உனக்கு நிகராகார் என்று வாக்களித்தீரே என்று முறையிடுகிறான். துரோணர் காட்டுக்கு வந்து, நீ என் மாணாக்கனானால் எனக்குக் கூலி தா என்று வலப் பெருவிரலைக் கேட்கிறார். அவன் முகம் வாடாது தருகிறான். அதன்பின் எஞ்சிய விரல்களால் எய்கிறான்; முன்னைய வேகம் இல்லை. அருச்சுனனின் மனக்காய்ச்சல் தணிகிறது.

இங்கே கவனிக்கத் தக்கது, மூலகவி எதையும் மறைக்கவில்லை என்பதே. ஏற்க மறுத்ததன் காரணம் பிறப்பு என்று வெளிப்படையாகச் சொல்கிறான். கேட்டதன் காரணம் பொறாமையும் கொடுத்த வாக்கும் என்று சொல்கிறான். துரோணர் வாயினின்று வந்த சொல்லைக் கொடியது என்ற பொருள்படும் அடையாலேயே குறிக்கிறான். வேகம் குறைந்ததையும் விடவில்லை. ஆனால் எமது கைக்கு வந்த சிறுவர் நூல்கள் பலவற்றில் இவை ஒவ்வொன்றாகக் கழன்று போயின. பிறப்புப் பற்றிய காரணம் போயிற்று. அருச்சுனனின் முறையீடு போயிற்று. குறைந்த வேகம் போயிற்று. எஞ்சியது ஓர் ஆசிரியர், ஒரு மாணாக்கன், ஒரு விரல். கொடுமையைக் கொடுமையென்று சொல்லத் துணிந்த பண்டைக் கவிஞனைவிட, நாகரிகம் பெற்ற நமது மறுகூறல்கள் பிற்போக்கானவை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகட்காக எளிமைப்படுத்தினோம் என்பர். எளிமைப்படுத்தும்போது எதை வெட்டுகிறோம் என்பதிலேதான் வர்க்க நோக்கு வெளிப்படுகிறது.

குருபக்தி என்ற வாதத்தையும் நேராகவே பார்த்துவிடுவோம். குருதட்சிணை என்பது கற்பித்ததற்குக் கைம்மாறு. துரோணர் ஏகலைவனுக்கு ஒரு நாளேனும் கற்பித்தாரில்லை. கற்பித்த அரச குமாரரிடம் அவர் கேட்டது, தம்மை அவமதித்த துருபதனைப் பிடித்துக் கொணருமாறு. கற்பிக்காதவனிடம் கேட்டது உடலின் ஓர் உறுப்பு. செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவதற்கு எம் காலத்தில் வேறு பெயர் உண்டு.

எனினும், துரோணரைக் கொடியவர் என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது எளிது, அது விமர்சனமாகாது. அவர் யார்? வறிய ஆசிரியர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைக் கண்டு தம் மகன் அசுவத்தாமன் அழ, பிற சிறுவர் மாவைக் கரைத்த நீரைப் பாலென்று கொடுக்க, அதனைக் குடித்துப் பால் குடித்தேன் என்று அவன் கூத்தாடிய காட்சியைத் துரோணரே வீடுமரிடம் கூறுகிறார். பாரதம் முழுவதிலும் வறுமையை இத்துணைக் கூர்மையாகக் காட்டும் இடம் மிகச் சிலவே. அந்த மாக்கரைசலே அவரை அத்தினாபுரத்து அரண்மனை வாயிலுக்குக் கொண்டுவந்தது. வீடுமர் வீடும் பொருளும் தந்து அவரை அமர்த்தினார். அன்று முதல் அவர் அரண்மனையின் சம்பளக்காரர். யாருக்குக் கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஊதியத்தோடு கைமாறிப்போயிற்று. மகனுக்குப் பால் கிடைக்கவில்லை என்று அழுத தந்தை, இன்னொருவன் மகனின் விரலைக் கேட்கும் நிலைக்கு வந்தது இப்படித்தான். சம்பளம் வாங்கும் ஆசிரியர்களாகிய நாம் இக்கதையில் நம்மை ஏகலைவனிடத்திலே தேடிப் பழகிவிட்டோம். சற்றுத் துரோணரிடத்திலும் தேடிப் பார்ப்பது நலம்.

துரோணர் கற்பித்த முறையைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரக்கிளையில் செயற்கைப் பறவையை வைத்து, என்ன காண்கிறாய் என்று ஒவ்வொருவராகக் கேட்ட பரீட்சை பேர்போனது. தருமன், மரத்தையும் காண்கிறேன், உம்மையும் காண்கிறேன், தம்பியரையும் காண்கிறேன் என்றான். தள்ளி நில் என்றார் குரு. பறவையின் தலையை மட்டும் கண்ட அருச்சுனன் வென்றான். ஒருமுகப்பட்ட நோக்குக்கு இதைக் காட்டாத ஆசிரியர் இல்லை, நாமும் காட்டியிருக்கிறோம். ஆயினும் இன்று எந்த நாட்டு வில்வித்தைத் திடலுக்குப் போயினும் குழந்தைக்குச் சொல்லித்தரும் முதற் பாடம் இதற்கு நேர்மாறானது. நாணை இழுக்குமுன் இலக்கின் முன்னே யார், பின்னே யார், பக்கத்தே யார் என்று பார். எவரேனும் நின்றால் வில்லைத் தாழ்த்து. இரண்டு ஊதல் கேட்டாற் கோட்டுக்கு வா. ஒன்று கேட்டால் எய். மூன்று கேட்டால் அம்பு பொறுக்கப் போ. அதற்கு முன் ஓர் அடியும் வைக்காதே. தருமனின் விடைக்கு அத்திடலில் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

அன்றியும், தொடக்கப் பிள்ளைக்கு இலக்கே வேண்டியதில்லை என்பர் பயிற்றுவோர். சில அடி தூரத்தில் வைக்கோற்கட்டொன்றை நிறுத்தி, அதில் வட்டமும் புள்ளியும் இன்றி எய்யப் பழக்குவதுண்டு. கை, தோள், முதுகு ஆகியவை தம் தொழிலைக் கற்கட்டும். கண் பிறகு வரும் என்பது கருத்து. இந்த உண்மை பாரதத்திலும் ஓரிடத்தில் மின்னி மறைகிறது. இரவில் உண்ணும்போது விளக்கணைய, இருளிலும் தன் கை வழக்கத்தால் வாய்க்குத் தப்பாது போவதை அருச்சுனன் கவனித்து, அன்று முதல் இருளில் வில் பயில்கிறான். அக்காவியத்தில் வில் கற்றல் பற்றிய மிக ஆழ்ந்த பாடம் இதுதான் என்பது எமது எண்ணம். அதைக் கற்பித்தவர் துரோணர் அல்லர். ஒரு பிடி சோறும் ஓர் அணைந்த விளக்கும். காட்டில் மண்ணுருவின் முன் நின்றவன் கற்றதும் இதே வழியில்தான். அரண்மனைப் பிள்ளையும் காட்டுப் பிள்ளையும் ஒரே ஆசானாகிய பழக்கத்திடம் கற்றார்கள். ஒருவனுக்குப் பட்டம்; ஒருவனுக்கு வெட்டு.

இனித் தமிழுக்கு வருவோம். வில்லெடுத்த சிறுவர் நம் இலக்கியத்தில் பலர் உளர். அவர்களை ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்தார் குறைவு.

மிகப் பழையவர்கள் புறநானூற்றின் 324ஆம் பாட்டில் வரும் வேட்டுவச் சிறார். பாடியவர் ஆலத்தூர் கிழார். பறவை ஊன் தின்று புலால் மணக்கும் வாயினர். காட்டுப் பூனைக் குட்டியின் வெருண்ட பார்வையினர். உடைமரத்து வெண்முள்ளை ஊகம்புல்லின் மெல்லிய கோலிற் செருகி அம்பாக்கி, வளாரை வளைத்து வில்லாக்கி, பருத்தி வேலியோரத்து எலிக்குக் குறி பார்க்கின்றனர். இங்கே குரு இல்லை, காணிக்கை இல்லை, பாசறை இல்லை. முள்ளும் புல்லும் வளாரும் உண்டு, பசியும் உண்டு. ஒரு விளையாட்டுக் கருவியை எப்பொருளால், எப்படிச் செய்தனர் என்பதைத் தொழிலறிந்த கைவினைஞன் போலச் சொல்லும் இப்புலவர், உழைக்கும் மக்களின் பிள்ளைகளை எட்ட நின்று இரங்கிப் பார்க்கவில்லை. கிட்ட இருந்து பார்த்தார். தில்லையடிப் பிள்ளைகளின் ஈர்க்கு அம்பைக் கண்டபோது எமக்கு நினைவு வந்தது அருச்சுனன் அல்லன், இச்சிறுவர்களே.

அடுத்து, கம்பனின் இராமன். சிறு வயதில் வில்லில் மண்ணுண்டை வைத்துக் கூனியின் முதுகில் எய்தான். அதனை அவள் மறக்கவில்லை. அவள் சூழ்ச்சியால் அயோத்தி கலங்கிற்று. காரியத்துக்குக் காரணம் காட்டிய கம்பன் திறத்தை வியந்தோர் பலர். அது உண்மையே. ஆனால் அந்த உண்டை பட்டது யார் முதுகில்? ஓர் அரண்மனைப் பணிப்பெண்ணின் வளைந்த முதுகில். அரசன் மகன் கையில் வில் இருந்தால் வேலைக்காரியின் ஊனம் இலக்காகும்; அது விளையாட்டு எனப்படும். அவள் அதை நினைவில் வைத்திருந்தால் அது வஞ்சம் எனப்படும். கம்பனோ அவள் நினைவை மறைக்காமற் பதிவு செய்தான். அதனை நகைச்சுவையாக்கியது பிற்காலத்துப் பட்டிமன்றங்களின் வேலை. பிள்ளைகட்கு வில் கொடுக்கும்போது, மனிதரை நோக்கி விளையாட்டுக்கும் நீட்டாதே என்று சொல்வதற்குக் கூனியின் முதுகைவிட நல்ல பாடம் நமக்கு வேறில்லை. ஆயினும் அப்பாடத்தை அவள் பக்கத்தில் நின்று சொல்லித்தரும் வகுப்பறையை நாம் இன்னும் காணவில்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது: சேக்கிழாரின் திண்ணன். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த வேடர் பிள்ளை. அவனுக்கு வில் பிடிக்கும் பருவம் வந்ததும் தந்தை, அத்துறையிலே தேர்ந்த முதியோரை அழைக்கிறான். செய்தி மலையெங்கும் போகிறது. மணியும் பொன்னும் புலித்தோலும் யானைக் கோடும் மயிற்பீலியும் தேனுமாக மக்கள் கொண்டுவந்து குவிக்கின்றனர். ஒரு குழந்தையின் கையில் முதன்முதலில் வில்லைக் கொடுப்பது ஊரே கூடிச் செய்யும் விழாவாகிறது. கல்வித் தொடக்கத்தை இத்துணைச் சமூகப் பெருமிதத்தோடு பாடிய பகுதி தமிழில் அருமை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அரசின் உயர் பதவியிலிருந்தவராகச் சொல்லப்படும் ஒருவர், வேடர் குடியின் பள்ளிக்கூடம் அவர்கள் குடிக்குள்ளேயே இருந்தது என்பதைக் கண்டு பாடினார் என்பது வியப்புக்குரியது.

ஏகலைவனும் திண்ணனும் வேடர் பிள்ளைகள், இருவரும் வில்லாளர், இருவர் கதையும் உடலுறுப்பைக் கொடுப்பதில் முடிகிறது. ஒருவன் விரல், ஒருவன் கண். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. திண்ணன் தன் இரண்டாவது கண்ணில் அம்பை ஊன்றப் போகும்போது, கல்லினின்று ஒரு கை வெளிவந்து அவன் கையைப் பிடித்துத் தடுக்கிறது. சமயக் கருத்தை ஒப்பாதவரும் அவ்விடத்துக் கவிதையின் மனிதாபிமானத்தை ஒப்புவர். கல் கை நீட்டித் தடுத்தது. ஏகலைவன் விரலில் கத்தி வைத்தபோது உயிருள்ள ஆசிரியர் கைகட்டி நின்றார். இவ்விரு காட்சிகளையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்துப் படிப்பித்தால், குருபக்திச் சொற்பொழிவுக்கு அவசியமே இராது.

வில் யார் கைக்குப் போகலாம், யார் கைக்குப் போகலாகாது என்பதை அறநெறி தீர்மானித்ததில்லை; அதிகாரத்தின் தேவையே தீர்மானித்தது. இதற்கு மேனாட்டிலும் சான்று உண்டு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1541ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஏழு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்குத் தந்தை ஒரு வில்லும் இரண்டு அம்பும் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று விதித்தது. குடியானவன் பிள்ளைகள்மீது பொங்கிய அன்பாலன்று. போருக்கு வில்லாளர் வேண்டியிருந்தனர். அக்காலத்தே, 1545இல், றோஜர் அஸ்கம் என்னும் கல்விமான் வில்வித்தை பற்றி ஒரு நூல் எழுதினார். இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எழுதினாற் பெருமை மிகும் என்றறிந்தும், வில் பிடிக்கும் மக்கள் பேசும் ஆங்கிலத்திலேயே எழுதினார். பிற்காலத்து எலிசபெத்து அரசிக்குச் சிறுவயதில் ஆசிரியராயிருந்தவர் இவரே. துப்பாக்கி வந்தது, சட்டமும் மறக்கப்பட்டது, வில் செல்வரின் புல்வெளி விளையாட்டாயிற்று. அங்கே மன்னன் ஏழையின் மகனிடம் வில்லைத் திணித்தான். இங்கே மன்னனின் ஆசிரியர் ஏழையின் மகனிடமிருந்து வில்லைப் பறித்தார். கணக்கு ஒன்றே.

நமது தீவிலும் ஒரு கணக்கு உண்டு. வில்லும் அம்பும் வேடர்களின் வாழ்வுக் கருவிகள். சேலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வு நூலில் அவ்வாழ்வு விரிவாகப் பதிவாகியுள்ளது. கிழக்குக் கரையோர வேடரிற் பலர் தமிழ் பேசுவோர்; நம் இலக்கிய விமர்சகர்கள் அவர்களைக் கண்டும் காணாதிருப்பர் என்பது வேறு விடயம். 1983இல் மாதுறு ஓயாப் பகுதி தேசிய வனமாக அறிவிக்கப்பட்டபோது, வேடரின் வேட்டைக் காடு தடைசெய்யப்பட்ட நிலமாயிற்று. எவர் விரலையும் எவரும் வெட்டவில்லை. விரல் இருந்தது, வில்லும் இருந்தது, காடு இல்லை. இன்று தம்பானையில் வருவோர் போவோர் பார்க்க வில் வளைக்கப்படுகிறது.

ஏகலைவனை மீட்டெடுக்கும் முயற்சிகள் இலக்கியத்தில் நடவாமலில்லை. கன்னடத்தில் குவெம்பு இக்கதையை நாடகமாக்கி, விரலுக்குக் கழுத்து என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். பின்னாளிற் போர்க்களத்தில் துரோணரின் தலை துணிக்கப்பட்டதை நினைவோர்க்கு அத்தலைப்பு ஒன்றே போதும். நம் நாட்டில் இளைய பத்மநாதன் ஏகலைவனைக் கூத்தாக்கினார். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968இல் நடந்த பின்னணியில் எழுந்த 'கந்தன் கருணை'யோடு தொடர்புடைய கலைஞர் அவர். கோயிற் கதவு முன் நிறுத்தப்பட்டவனும் பயிற்சித் திடல் முன் நிறுத்தப்பட்டவனும் ஒருவனே என்பது அக்கலைஞருக்கு விளங்கிற்று. அவ்விளக்கம் இன்னும் நமது சிறுவர் மேடைக்கு வந்து சேரவில்லை.

இந்தியாவில் நடந்த ஒரு விந்தையையும் குறிக்க வேண்டும். அங்கே சிறந்த விளையாட்டு வீரருக்கு அருச்சுனன் பெயரால் 1961 முதல் விருது. சிறந்த பயிற்சியாளருக்குத் துரோணர் பெயரால் 1985 முதல் விருது. பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரச வதிவிடப் பள்ளிகளுக்கோ ஏகலைவன் பெயர். யார் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பெயரிட்டவர்கள் அறியாமலே சொல்லிவிட்டார்கள். இராசத்தானத்துப் பழங்குடியினரான லிம்பா ராம், மூங்கில் வில்லால் பறவை வேட்டையாடிப் பழகியவர்; 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக எய்தார். 1991இல் அவருக்குக் கிடைத்தது அருச்சுனன் பெயர் தாங்கிய விருது! ராஞ்சியை அடுத்த சிற்றூரில் முச்சக்கர வண்டி ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, மாங்காய்க்குக் கல்லெறிந்து குறி பழகியவர் என்பர்; 2010இல் தில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். இவ்விருவரையும் கண்டெடுத்துச் சோறும் வில்லும் தங்குமிடமும் கொடுத்த பயிற்சி நிலையங்கள் இருந்தன என்பதை மறக்கலாகாது. திறமை காட்டில் முளைக்கும்; ஆனால் திடலுக்கு வழி யாரேனும் திறந்துவிட வேண்டும். தென் கொரியாவில் தொடக்கப் பள்ளியிலேயே வில் கொடுக்கின்றனர். பெண்கள் குழுப் போட்டி ஒலிம்பிக்கில் சேர்ந்த 1988 முதல் 2024 வரை பத்து முறையும் அந்நாடே தங்கம் வென்றது. அவர்கள் விழியில் மட்டும் ஏதோ மாயம் இருக்கிறது என்று நம்ப நாம் ஆயத்தமாயில்லை.

இப்போது விரலுக்குத் திரும்புவோம். இன்று ஒலிம்பிக்கில் எய்வோர் நாணைச் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றால் இழுக்கின்றனர். பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கி ஒதுக்கிவைக்கக் குழந்தைக்குச் சொல்லித் தருகின்றனர். மங்கோலியரும் துருக்கியரும் பெருவிரலில் வளையம் அணிந்து அவ்விரலாலேயே நாணிழுத்தனர். விரல் போனபின் ஏகலைவன் வேகம் குறைந்தான் என்று பாரதம் கூறுவதைக் கொண்டு, அவனது முறையும் பெருவிரல் சார்ந்ததே எனக் கொள்ளலாம். எஞ்சிய விரல்களால் எய்தான் என்றும் அது கூறுகிறது. அப்படியானால், துரோணர் பறித்தது வித்தையையன்று, காலத்தை. புதிய முறையொன்றை முதலிலிருந்து பழகுமாறு அவனைப் பின்தள்ளிவிட்டார். பின்தள்ளப்பட்டவன் மீண்டும் பழகுவதற்குள் அரச குமாரர் முன்னே போய்விடுவர். ஒடுக்குமுறை பெரும்பாலும் இப்படித்தான் தொழிற்படுகிறது.

காசுமீரத்துக் கிஷ்த்துவாரில் 2007இல் பிறந்த சீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை. வில்லைப் பாதத்தாற் பிடித்து, தோளும் தாடையும் கொண்டு நாணை விடுவிக்கிறார். 2024இல் பாரிஸில் நடந்த பாராலிம்பிக்கில் இராக்கேசு குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். அவரது படத்தை வகுப்பில் காட்டினோம். "அப்ப விரல் இல்லாட்டியும் ஏலும்தானே!" என்றது ஒரு பிள்ளை. ஏலும். ஆனால் அதற்காக எவனுடைய விரலையும் எவரும் கேட்க உரிமை இல்லை என்பதையும் அப்போதே சொல்ல வேண்டியிருந்தது. தனிமனிதனின் வெற்றியைக் காட்டிச் சமுதாயத்தின் குற்றத்தை மன்னித்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரோடிக் கிடக்கிறது.

இவ்வளவும் தில்லையடிக்கு ஏன் என்று வாசகர் வினவலாம். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்க் கரையிலிருந்து படகேறிக் கற்பிட்டிக்கு வந்தோரின் கைக்குழந்தைகளில் நாமும் ஒருவர். இவ்வூர் மக்கள் சமைத்துத் தந்த சோற்றை எம் தாயார் இன்றும் சொல்லிக் கண் கலங்குவார். ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தோம். படிக்க இடமும் கிடைத்தது, ஆனால் பிற்பகலில். காலையில் அக்கட்டடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. அவர்கள் போனபின் எமக்கு. சூடேறிய கூரையின் கீழ், காலையில் யாரோ எழுதிய பாடம் பாதி அழிந்து கிடக்கும் கரும்பலகையைப் பார்த்தபடி படித்தோம். அந்தப் பாதிப் பாடத்தையும் சிலர் பிரதி பண்ணுவோம். அது மேல் வகுப்புக்குரியது, எமக்கு விளங்காது. ஆயினும் எழுதுவோம். மண்ணுருவின் முன் நின்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது எமக்கு நினைவுக்கு வருவது அக்கரும்பலகை. விளையாட்டுத் திடலும் பந்தும் காலைப் பிள்ளைகளோடு போய்விடும். எவரையும் குறை கூறுவதற்கன்று. வறியவர்க்கும் வறியவர்க்கும் இடையே ஒரு கட்டடத்தை இரண்டாகப் பங்கிட வைத்தது எது என்பதே கேள்வி.

இப்போது பங்கீடு இல்லை. அகதி என்ற சொல் மட்டும் சண்டை வரும்போது எப்போதேனும் ஒரு சிறுவன் வாயினின்று தெறிக்கிறது. அச்சொல்லை அவன் எங்கே கற்றான் என்று நாம் கேட்பதில்லை. நாடகத்திற்கு வேடம் பிரித்தபோது ஏகலைவன் வேடம் எந்தப் பிள்ளைக்குப் போயிற்று என்பதைப் பின்னரே கவனித்தோம். எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. அதனாலேயே அது அஞ்சத் தக்கது.

பிள்ளைகட்கு வில் பழக்குவதென்று நாடகத்தின் பின் தீர்மானித்தோம். குடைக்கம்பியைத் தடுத்தோம், அது கண்ணைக் கெடுக்கும். (களப்பு ஓரத்துத் தில்லை மரத்தின் பாலும் கண்ணைக் கெடுக்கும், அக்கம்பு வில்லுக்கு வேண்டாமென்று பாட்டிமார் சொன்னது சரியே.) மூங்கிற் பிளாச்சை மெல்லிதாகச் சீவிய வில், நுனியில் றப்பர் பொருத்திய அம்பு, தும்பு அடைத்த சாக்கு, எட்டு அடி தூரம். செலவு அதிகமில்லை. நீந்தவும் எய்யவும் குதிரையேறவும் பிள்ளைகட்குக் கற்பியுங்கள் என்ற பொருள்பட, கலீபா உமர் அவர்களின் பெயரால் வழங்கும் கூற்றை இவ்வூர்ப் பெரியோர் பெருமையோடு எடுத்துரைத்தனர். அரபு மொழியில் அங்கே வரும் சொல் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொது என்பதை நாம் சொன்னபோது சிறிது நேரம் மௌனம் நிலவிற்று. இப்போது கோட்டில் நிற்பவர் பன்னிருவர். அவருள் ஐவர் சிறுமியர். வெறும் வில்லை இழுத்து விடக்கூடாது என்ற விதியை மிக விரைவில் கற்றவரும் அவர்களே.

நாடகத்தையும் மீண்டும் போடப் போகிறோம். இம்முறை மூலத்தில் உள்ளவற்றை வெட்டாமல் வைப்பதென்பது ஏற்பாடு: துரோணர் மறுத்த காரணம், அருச்சுனன் முறையீடு, குறைந்த வேகம் எல்லாம் உண்டு. மாக்கரைசலைக் குடிக்கும் அசுவத்தாமனும் உண்டு. அவ்வேடத்துக்குத்தான் போட்டி அதிகம். வேடம் பிரிப்பது சீட்டுக் குலுக்கி. துரோணர் சீட்டு விழுந்த பையன், விரலைக் கேட்கும் வசனத்தைச் சொல்லமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது என்னவென்று சபைக்குத் தெரியாமற் போய்விடும் என்று ஏகலைவனாக வரும் சிறுமி அவனிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள். நாய் வேடக்காரனுக்கோ வேறு கவலை: வாயில் தைத்த ஏழு அம்புகளையும் பிறகு யார் பிடுங்கிவிட்டார்கள்? ஒத்திகை புதன்கிழமை பிற்பகல்.